ஏ3 தாளும் என் தங்கையும்: குரூப் 4 படிப்புக்குப் பெரிய எழுத்துப் பிரதிகள்

என் தங்கைக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுது. கண்ணாடி போட்டுத் தீர்கிற குறை இல்லை. தாளை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரப்பார்வையால்தான் படிப்பாள். குரூப் 4 எழுதப்போகிறேன் என்று அவள் சொன்னதும் பாடநூல்களின் பிடிஎஃப், பழைய வினாத்தாள்கள், பயிற்சி மையக் குறிப்புகள் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். "எல்லாவற்றையும் ஏ3யில் அடித்துக் கொடுங்கள்" என்றேன். கட்டைப் பிரித்துப் பார்த்தவள் கேட்டாள்: "அண்ணா, இது தாளா, பாயா?"

ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் பரப்புதான் இரண்டு மடங்காகும். எழுத்தின் உயரம் 1.41 மடங்குதான் வளரும். 10 பாயிண்ட் எழுத்து 14 ஆகும், அவ்வளவே. பெரிய எழுத்து என்று பொதுவாகச் சொல்வதோ 18 பாயிண்டிலிருந்து. தாளின் அகலம் மட்டும் ஏறக்குறைய 30 செ.மீ. ஆகிவிட்டதால், வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவள் முகத்தையே நகர்த்த வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது வரி தவறிப்போகும். படித்த வரியையே மறுபடி படிப்பாள்.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரே பத்தியை 14, 16, 18, 20, 22, 24, 28 பாயிண்ட் அளவுகளில் அடித்து, அவள் வழக்கமாகப் படிக்கும் டியூப்லைட்டின் கீழ் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 28 தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வரிக்கு மூன்று சொல்தான் அடங்கியது, வேகம் போய்விட்டது. 18இல் ஐந்து நிமிடத்திலேயே கண்ணைக் கசக்கினாள். கால் மணி நேரம் தடங்கலின்றிப் படித்தது 22இல். உங்கள் வீட்டில் இது வேறாக இருக்கும். பார்வைப்புலம் குறுகிப்போனவர்களுக்கு எழுத்தை மிகப் பெரிதாக்கினால் சொல்லே முழுதாகக் கண்ணில் விழாது. அளவைப் படிப்பவர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

அவள் எங்கே தடுக்கினாள் என்பதையும் குறித்துக்கொண்டேன். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் 'பாடம்' என்பது 'பரடம்' ஆனது. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து 'பால்' என்பது 'பால' என நின்றது. எழுத்தைத் தடிமனாக்கிப் பார்த்தேன். ணகரத்தின் சுழிகள் மைக்கட்டியாகிவிட்டன. கடைசியில், கோடு சீராக ஓடும் சாதாரண எழுத்துருவும் ஒன்றரை வரி இடைவெளியும்தான் கைகொடுத்தன. வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல் வரியின் 'பு' இறக்கிய வால் கீழ் வரியின் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கத்தைச் சமன்செய்யவும் வேண்டாம்; சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும்.

எழுத்தை 22 பாயிண்டில் புதிதாக ஓடவிட வேண்டுமானால் உரை தனியாகக் கையில் வேண்டும். பல பிடிஎஃப்களில் நகலெடுத்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் குப்பைதான் வரும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களின் வேலை அது. அவற்றுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் உரையாக்கித் தரும். எண்களை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் குறிப்பு ஒன்றில் சிப்பாய்ப் புரட்சி 1357இலேயே நடந்து முடிந்திருந்தது!

வரைபடமும் கணக்குப் படமும் உரையாகாது. அவற்றுக்கு ஓரங்களை வெட்டி, பக்கத்தை மூன்று பட்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஏ4 தாளில் கிடைமட்டமாக அடிக்கலாம். 16 செ.மீ. அகல உள்ளடக்கம் 27.7 செ.மீ. ஆகும், அதாவது 173 சதவீதம். ஏ3யைவிடப் பெரிது, கையிலும் அடங்கும். அடோப் ரீடரின் போஸ்டர் வசதி ஒரு பக்கத்தைப் பல தாள்களில் பரப்பும், ஆனால் வரியின் நடுவிலேயே வெட்டிவிடும். பசைபோட்டு ஒட்ட நேரமுள்ளவர்கள் முயலலாம்.

கடையில் ஒரு சிக்கல் உண்டு. அச்சிடும்போது கணினியில் திறக்கும் பெட்டியில் 'ஃபிட்' (தாளுக்குப் பொருத்து) தேர்வாகியிருந்தால் நீங்கள் அமைத்த அளவு மாறிவிடலாம். முதல் பக்கத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவிடுங்கள். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு மற்றதை ஓட்டச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத தாள், ஒரு பக்கம் மட்டும். பாடநூலின் வண்ணக் கட்டங்கள் கறுப்பு வெள்ளையில் சாம்பல்மேல் கறுப்பாகிவிடும். அவற்றைத் தட்டச்சு செய்தே சேர்த்தேன். 80 தாளுக்கு ஒரு ஸ்பைரல். அதற்கு மேல் போனால் முகத்தருகே தூக்கிப் பிடிக்க முடியாது.

முழுப் புத்தகத்தையும் பிரதியெடுக்க மாட்டேன் என்று ஒரு கடைக்காரர் மறுத்தார். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் பிரதியெடுப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்பி), அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்தது. அதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியதும் அடித்துக் கொடுத்தார்.

தேர்வுக்கும் இதே ஏற்பாடுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான எழுத்துத் தேர்வு குறித்த மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் பெரிய எழுத்து வினாத்தாளையும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையும் குறிப்பிட்டன. உங்கள் தேர்வில் எது உண்டு என்பதை அறிவிக்கையில் பார்த்து, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு 200 கேள்விகளையும் 22 பாயிண்டில் அடித்துக் கொடுத்தேன்; மூன்று மணி நேரத் தேர்வை நான்கு மணி நேரமாக வைத்து ஞாயிறுதோறும் எழுதினாள். முதல் வாரம் 140ஆவது கேள்வியிலேயே நேரம் முடிந்தது. பக்கம் புரட்டுவதற்கே நேரம் போகிறது என்றாள்; அடுத்த தாள்கட்டில் புரட்ட எளிதாக ஒவ்வொரு தாளின் கீழ்மூலையையும் கத்தரித்துக் கொடுத்தேன்.