ஒழிஞ்சு போனதை ஏன் தேடற?

போலியோ வைரஸைத் தேடும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு லீவில் வந்தால் பக்கத்து வீட்டு அத்தை தவறாமல் கேட்பது இதுதான். "ஏங்கண்ணு, போலியோதான் ஒழிஞ்சு போச்சே, இன்னும் என்னத்தைத் தேடற?" இந்த முறை திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்.

இந்தியாவில் கடைசியாகக் காட்டுவகை, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு சின்னக் குழந்தைக்கு. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஒழியவில்லை. அதனால் 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தொய்ந்து போனாலும், போலியோவாக இருக்காது என்று டாக்டருக்கே தோன்றினாலும், 14 நாளுக்குள் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை மல மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். வழியில் ஐஸ் உருகிவிட்டால் வைரஸ் இருந்தும் சிக்காமல் போகலாம், அப்புறம் நாங்கள் 'இல்லை' என்று சொல்வதை எப்படி நம்புவது? என் பெரிய பயமே இதுதான்.

சாக்கடை நீரிலும் தேடுகிறோம். தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட வாதம் வராது, மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டே மலத்தில் வைரஸை வெளியே விடுவார்கள்.

வந்த மாதிரியை ஆய்வகத்தில் நாங்கள் வளர்க்கும் உயிருள்ள செல்களில் விட்டுப் பார்ப்போம். அந்தச் செல்கள் குடுவையின் அடியில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடக்கும். மாதிரியில் வைரஸ் இருந்தால் அவை உருண்டு, கழன்று மிதக்கும். காலையில் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும்போது இத்தனை வருடத்துக்குப் பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "போன தடவை சொட்டு மருந்து அன்னிக்குப் பேத்தி கோயம்புத்தூர்ல இருந்தா, விட்டுப்போச்சு கண்ணு." மாநில எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எங்கே இருந்தாலும் போட்டுடுங்கத்தை என்றேன்.