மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்

இன்று காலை ஆறரை மணிக்கு வாட்ச்மேன் அழைப்புமணியை அடித்தார். "சார், மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்" என்றார். உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். இடது முன்பக்கம் என்று தெரிந்ததும் மறுபடி காப்பியை ஆற்றப் போய்விட்டாள். எட்டு மாதப் பழக்கம்.

வண்டிக்கு அந்தப் பெயர் அவள் வைத்ததுதான். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி காரணம் சொல்லாமல் முறுக்கிக்கொள்கிறதாம். மோதிரம் போட்டால் எழுந்திருக்கும், பத்து நாள் கழித்துக் கைக்கடிகாரம் கேட்கும். நான் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

வாங்கும்போது என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தில்லியில் பத்து வருடம் முடிந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று அப்போது உத்தரவு இருந்தது. அதனால் ஒன்பதே முக்கால் வயதில் அங்கிருந்து கப்பல் மாதிரி வண்டிகள் தெற்கே வந்துகொண்டிருந்தன, இங்கே புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கும் விலைக்கு. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, ஜெர்மன் எஞ்சின். விலையைத்தான் பார்த்தேன். தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் பின்னால் வரிசையாக நின்றதைப் பார்க்கவில்லை. பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூசை போட்டபோது நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான்கும் நசுங்கின. ஐந்தாவதாக நசுங்கப் போவது யார் என்பது முனீஸ்வரருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

பேட்டரியிலிருந்து ஆரம்பித்தது. சாதாரண வண்டிக்கு மாற்றுவது போல மாற்றிவிட முடியாது. புதுப் பேட்டரி வந்திருக்கிறது என்ற செய்தியை வண்டியின் கணினிக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதைப் போல. அதற்குத் தனிக் கூலி. பிறகு தண்ணீர் ஒழுகியது. விரிசல் விட்டது ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய்தான். ஆனால் ஜெர்மானியர்கள் அதை எஞ்சினுக்குப் பின்னால் நகையை ஒளிப்பது போல ஒளித்து வைத்திருக்கிறார்கள். குழாயை எட்டிப் பிடிக்கவே மெக்கானிக் பாய்க்கு ஒரு பகல் ஆயிற்று. குழாயின் விலையை விடக் கூலி நான்கு மடங்கு.

மே மாதம் மாமனார் வந்தார். கத்திரி வெயில். தாம்பரம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு மடிப்பாக்கம் வருவதற்குள் நெளிய ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளைத் தனியாக அழைத்து, மூலச்சூடு மறுபடி கிளம்பிவிட்டது போலிருக்கிறது என்றார். மூன்று நாள் ஊறவைத்த வெந்தயம், இளநீர், தலைக்கு நல்லெண்ணெய். ஊருக்குத் திரும்பும் நாளில்தான் அவர் பக்கத்து இருக்கைப் பொத்தானில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிவதைக் கவனித்தேன். தில்லிக் குளிருக்காக இருக்கையைச் சூடாக்கும் பொத்தான். முழங்கை பட்டிருக்கிறது. அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

சரி, உட்கார்ந்த கதைக்கு வருகிறேன். மற்ற வண்டிகளில் இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில் இதற்கு ரப்பர் பை. அதற்குள் காற்று. காற்றை அடைக்க ஒரு கம்ப்ரசர். ரப்பருக்கு வயதாகி மடிப்பில் வெடிப்பு விட்டால் ராத்திரி முழுவதும் மெல்லக் காற்று கசியும். காலையில் பார்த்தால் யானை முன்னங்காலை மடக்கிய கோலத்தில் வண்டி நிற்கும். போன வாரம் பாய் ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துச் சக்கரத்துக்கு மேலே தெளித்துக் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில் ரப்பர் மடிப்பின் ஓரமாக ஜவ்வரிசி அளவுக்குக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் அவ்வளவு அழகாக வெளியேறி நான் பார்த்ததில்லை. முன்பக்கத்து இரண்டு பைக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை அது.

அதற்கு அவரே ஒரு மாற்று வழியும் சொன்னார். காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங் என்கிற இரும்புச் சுருளையே போட்டுவிடலாம். அறுபதாயிரம். கசிய ஒன்றும் இருக்காது, ஜென்மத்துக்கும் உட்காராது. திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன். "அதுவரை உயரத்தை மாற்றும் பொத்தானைத் தொட வேண்டாம் சார். இறங்கினால் ஏறுமோ ஏறாதோ" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

கீழே போனபோது மூன்றாம் மாடி சார் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஆறுதல் சொல்லும் முகம்தான், ஆனால் அது ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த முகம். எச்சரிக்கை வந்ததும் ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவரும் தன் பதினான்கு வயதுச் சின்னக் காரை நிறுத்தினார். நான் மட்டும், மாப்பிள்ளை தன்னைத்தானே உயர்த்திக்கொள்ளும் ரகமாயிற்றே என்று இங்கேயே விட்டேன். அன்று ராத்திரி முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை அதற்குள் நிதானமாக உட்கார்ந்தார். மறுநாள் அவர் கார் வேட்டி நுனிகூட நனையாமல் பாலத்திலிருந்து இறங்கி வந்தது.

நாங்கள் இருவரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது லிஃப்ட் திறந்தது. கையில் துளசி மாலையோடு அம்மா. சனிக்கிழமை, நங்கநல்லூர் ஆஞ்சநேயர். நான் மறந்தே போயிருந்தேன். வழக்கமாக ஆட்டோவில் போவாள். இந்த வண்டியில் அம்மா ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறாள், அந்தப் பூசை நாளில். அன்று பிளாஸ்டிக் முக்காலி போட்டு, நான் இழுத்து, மனைவி பின்னாலிருந்து தள்ளி ஏற்றினோம். கோயில் வாசலில் நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு, "எனக்கு ஏசி ஆகாதுடா" என்று சொல்லிவிட்டாள். ஏசி எந்தக் காலத்திலும் அவளுக்கு ஆகும். முழங்கால்தான் ஆகாது.

இன்று வண்டியருகே வந்தவள் நின்று, கதவுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தாள். மாலையை என்னிடம் கொடுத்தாள். இருக்கையில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரையும் பிடிக்கவில்லை. "இவ்வளவு நாள் இப்படி வைத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

எஞ்சினை ஓடவிட்டேன். பின்னால் கம்ப்ரசர் முனகியது. எச்சரிக்கை விளக்குகள் கார்த்திகை தீபம் போல எரிந்தன. மூலை கொஞ்சம் கொஞ்சமாக எழும்ப, பல்லக்கில் தூக்கிய உற்சவர் மாதிரி அம்மா மேலே போனாள். மூன்றாம் மாடி சார் தன்னை அறியாமல் கையைக் கூப்பிவிட்டார். நான் பார்த்தேன்.

நங்கநல்லூரில் நிறுத்திக் கதவைத் திறந்தால், தரை எங்கேயோ கீழே இருந்தது. அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். முக்காலி வீட்டுக் குளியலறையில் இருந்தது. பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

பொத்தானை அழுத்தினேன்.

நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வண்டி இறங்கியது. அம்மா ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துத் தானே இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, பூக்காரம்மாவைப் பார்த்து, "சொன்னால் கேட்கும்" என்றாள். தரிசனம் முடிந்து திரும்பியபோது எழுந்ததா என்றால், எழுந்தது. இரண்டு நிமிடம் முனகிவிட்டு எழுந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை வேண்டிக்கொண்டேன். அந்தச் செலவும் கணக்கில் சேரும்.

வீட்டில் அம்மா கதையைச் சொல்ல, மனைவி தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். காயில் போட்டால் வண்டி அப்புறம் இறங்கவே இறங்காதா என்று மட்டும் என்னிடம் கேட்டாள். இறங்காது என்றேன். இரண்டு தோசை கழித்து, "காயில் வேண்டாமென்று பாயிடம் சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது" என்றாள்.

பாய்க்குப் போன் செய்து, காற்றுப் பையே போட்டுவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.

"அப்படியானால் சார், கம்ப்ரசரையும் சேர்த்தே மாற்றிவிடலாம்" என்றார்.