ஒட்டிய தாள்

2024 மே 14
அக்கா இன்று கொண்டுவந்தா. பைக்குள் பொலித்தீன், அதற்குள் பழைய வேட்டித் துண்டு, அதற்குள் அவவின் அப்பாவுடைய கல்வெட்டு, இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். 1969இல் முப்பத்தொராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அடித்தது. மேலட்டை இல்லை. முதல் இரண்டு தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா அதற்குள்தான்.

"அம்மா இருக்கும்வரைக்கும் திதியை அவதான் சொல்லுவா, தங்கச்சி. எனக்கு வைகாசி எண்டு மட்டும்தான் தெரியும்."

திவசத்துக்குத் தம்பி கனடாவிலிருந்து வருகிறாராம்.

மே 15
இழுக்கவில்லை. இலேசாக ஈரம் காட்டி ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

மே 17
மிச்சப் பக்கங்களை ஸ்கேன் செய்து முடித்தேன், 600 டிபிஐயில். தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது, அதற்கும் பயம். தேவாரம், வம்சாவளி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். அக்காவுக்கு அப்போது நாலு வயது. அவ சொல்லி அழுவதாகப் புலவர் எட்டு வரி பாடியிருக்கிறார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

பட்டியலில் இதைச் 'சிறுபிரசுரம்' என்று பதிய வேண்டுமாம். யாருக்கு யார் என்ன முறை, எந்த வீட்டுப் பிள்ளை மலாயாவுக்குப் போனது, எந்தக் கோயில் திருவிழாவை யார் செய்தது, இதெல்லாம் வேறெந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். இரவில் அவற்றைத் திறந்தால் நித்திரை போய்விடும். முன்பின் தெரியாதவர்களின் அம்மாமார், அப்பாமார்.

மே 20
ஒரு மூலை விட்டது. அரை விரற்கடை.

மே 22
சோளகக் காற்று தொடங்கிவிட்டது. யன்னல் முழுக்கப் புழுதி. மாதக் கடைசி வந்தால் 1981ஐப் பேசுவோம், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைச் சொல்லுவோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, வீட்டு அலுமாரிகளில் விட்டுவிட்டு வந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு அலுமாரி இருந்தது.

மே 23
வெசாக் விடுமுறை. சாவி என்னிடம் இல்லை.

மே 25
பிரிந்துவிட்டது! எழுத்து ஒட்டிவரவில்லை. நேரிசை வெண்பா. வைகாசி இருக்கிறது, தேய்பிறையைச் சொல்லும் அபரபக்கம் இருக்கிறது. திதி வரவேண்டிய தனிச்சொல்லில், இரண்டாம் அடியின் கடைசிச் சீரில், இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை. ஓட்டைக்குப் பிறகு 'யில்' மட்டும்.

மே 27
அடி முதலில் 'இட்டமுடன்', அடுத்த அடி 'வட்டநிலா'. எதுகைப்படி தனிச்சொல்லிலும் 'ட்' வரவேண்டும். அட்டமியில், அதாவது எட்டாம் திதியில். எழும்பி நின்று கைதட்டப் பார்த்தேன். பிறகுதான் ஆறாம் திதி சட்டி நினைவுக்கு வந்தது. சட்டியில். அதற்கும் எதுகை சரி. தளை பார்த்தேன், இரண்டும் பொருந்துகின்றன.

இரண்டு திதியும் இந்தக் கிழமைக்குள்ளேயே வருகின்றன. அக்கா இரண்டு தரம் அழைத்துவிட்டா, நான் எடுக்கவில்லை. ஓட்டையின் அகலத்தைத் திரையில் பெருப்பித்து அளக்கிறேன். நாலு எழுத்துக்கு இடம் போதுமா என்று பக்கத்து வரியின் 'ட்ட'வை வெட்டி வைத்துப் பார்க்கிறேன்.