பென்டிரைவ் எழுத மறுத்தால் முதலில் பிழைச் செய்தியைப் படியுங்கள்

சென்ற வாரம் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுத் திரும்பிய என் 32 ஜிபி பென்டிரைவை உபுண்டு (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) மடிக்கணினியில் செருகி, ஒரு கோப்புறையை அதில் நகலெடுக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு அதில் ஒரு வெற்றுக் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை.

இத்தகைய சிக்கலுக்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ‘சிஎச்மாட் 777’, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் ஆணை, என்பதுதான். நானும் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஆணையை இயக்குவது) போட்டு அதையே கொடுத்தேன். ‘படிக்க மட்டுமேயான கோப்பு முறைமை’ என்று பதில் வந்தது. நோய் என்னவென்று அந்தப் பதிலே சொல்லிவிடுகிறது. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் கோப்பு யாருக்கு உரியது என்பதில் சிக்கல். ‘படிக்க மட்டுமே’ என்று வந்தால் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் வழியை அடைத்துவிட்டது என்று பொருள். இரண்டாவதற்கு அனுமதிகளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) ஆணையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டிரைவை முறையாக வெளியேற்றாமல் உருவியதால் ஃபேட் அட்டவணையில் (எந்தக் கோப்பு டிரைவில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) பிழை நேர்ந்திருந்தது. எழுதும்போது அதைக் கண்ட கெர்னல், சேதம் மேலும் பெருகாதிருக்க, டிரைவைப் படிக்க மட்டும் என மாற்றியிருந்தது. படிக்க முடிகிற அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். பிறகு இணைந்துள்ள டிரைவ்களைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் 29 ஜிபி சொச்சமாகத் தெரிந்த எஸ்டிபி1 தான் என் டிரைவ் என்று உறுதி செய்துகொண்டு, அன்மவுண்ட் செய்து (டிரைவைச் செருகியபடியே வைத்து, கணினி அதைப் பயன்படுத்துவதை நிறுத்தி), கோப்பு முறைமையின் பிழைகளைத் திருத்தும் எஃப்எஸ்சிகே கொண்டு சரிபார்த்தேன். கழற்றி மீண்டும் செருகியதும் எழுத முடிந்தது.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருபவர்களுக்கு வழி வேறு. ஃபேட், எக்ஸ்ஃபேட் வடிவங்களில் லினக்ஸின் உரிமையாளர் விவரத்தைச் சேமிக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது (டிரைவைக் கணினியின் பயன்பாட்டுக்கு இணைக்கும்போது) கொடுக்கும் யூஐடி (பயனர் எண்), யூமாஸ்க் (எந்த அனுமதிகளை விலக்குவது என்ற எண்) மதிப்புகளே அங்கு அனுமதியாகின்றன. ஆகவே ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) மவுண்ட் செய்திருந்தால், அதை அன்மவுண்ட் செய்துவிட்டு உங்கள் யூஐடியைக் குறிப்பிட்டு (உபுண்டுவில் முதல் பயனருக்கு வழக்கமாக 1000) மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும். லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 ஆக வடிவமைத்த டிரைவில் உரிமை டிரைவிலேயே பதிவாகிறது. புதிதாக வடிவமைத்ததும் அது பெரும்பாலும் ரூட்டின் பெயரில் இருக்கும் என்பதால், உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் ஆணையை ஒருமுறை கொடுத்தால் போதும். ஆனால் பதிவாவது பெயரன்று, எண். வேறொரு கணினியில் உங்கள் எண் 1001 ஆக இருந்தால் உங்கள் டிரைவே அங்கு உங்களுக்கு எழுத இடம் தராது.

சரிபார்த்த பிறகும் செருகிய உடனேயே படிக்க மட்டும் என்று வந்தால், பெரும்பாலும் பென்டிரைவின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே எழுதுவதை நிறுத்தியிருக்கும். அந்நிலையில் எந்த ஆணையும் உதவாது. உள்ளதை நகலெடுத்துக்கொண்டு புதியது வாங்குவதே வழி.