கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்த குட்டி

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பூனைக் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை காலை, முந்தின வாரம் அட்டைப்பெட்டியில் வந்த மூன்று குட்டிகளில் மஞ்சள் வரிக்குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. மாலைக்குள் நுரை நுரையாக வாந்தி எடுத்தது.

செரிமானக் கோளாறு என்றே நினைத்தேன். மருத்துவர், நாய்களுக்கு வரும் பார்வோ என்ற வைரஸைக் கண்டறியும் சோதனைப் பட்டையில் மலத்தைச் சோதித்தார். இரண்டு கோடுகள் விழுந்தன; நோய் இருக்கிறது என்று அர்த்தம். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் அது; நாய்ப் பார்வோவின் நெருங்கிய உறவு. குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளையணுக்களை அழித்துவிடும். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது. சலைன், வாந்தியை நிறுத்தும் ஊசி, வேறு கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக், உடம்புக்குச் சூடு. மற்றது குட்டியின் தெம்பு.

"தரையை எதால் துடைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஃபீனைல், டாக்டர்."

"இந்த வைரஸ் அதற்குச் சாகாதும்மா. பூனைகளுக்கும் அது ஆகாது."

அன்றிரவே வேலை தொடங்கியது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். பூனைகள் நகம் கீறும் மரக்கட்டை, மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தூக்கி எறிந்தோம். இந்த வைரஸ் ஒரு வருடம்கூட அறையில் உயிரோடு கிடக்கும். செருப்பிலும் சட்டையிலும் ஏறிப் பயணம் செய்யும். அந்தச் செருப்போடு எத்தனை அறைகளுக்குப் போய்வந்தேன் என்று எண்ணிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. இடமில்லை என்று அந்தக் குட்டிகளைத் தனிமைப்படுத்தாமல் பொது அறையில் விட்டவளும் நான்தான்.

மற்ற குட்டிகளுக்கு அன்றே தடுப்பூசி போட்டோம். பெரிய பூனைகள் முன்பே போட்டுக்கொண்டவை. ஒன்றுக்கும் நோய் வரவில்லை. ஆரோக்கியமானவற்றுக்கு முதலில் சாப்பாடு, நோயாளிகளுக்குக் கடைசியில் என்று முறை வைத்தோம்.

மஞ்சள் குட்டி சனிக்கிழமை விடியலில் இறந்தது. மறுநாள் அதன் தங்கை.

14 நாட்களுக்குப் புதுப் பூனைகள் கிடையாது என்று முடிவெடுத்தோம். தொலைபேசியில் கெஞ்சிய ஓர் அம்மாவிடம் அவருடைய குளியலறையிலேயே நான்கு குட்டிகளையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதைவிடக் கடினமான வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் நாள் மூன்றாவது குட்டி, கறுப்பன், வேகவைத்த கோழியை என் விரலிலிருந்து நக்கினான். தேறிய பிறகும் மலத்தில் வைரஸ் வரும் என்பதால் இன்னும் தனி அறையில்தான் இருக்கிறான். எல்லா அறை வேலைகளையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் அவனிடம் போகிறேன். கதவருகே என் காலடிச் சத்தம் கேட்டதும் கத்தத் தொடங்கிவிடுகிறான்.