ஏர்கன் (காத்தழுத்தத்துல குண்டு சுடுற துப்பாக்கி) வாங்கணும்னு நெனக்கிறவங்க இத ஒரு தடவ படிங்க

நேத்து மாமா பையன் தோவாளைலேர்ந்து போன் பண்ணி "அத்தான், பயறு பூராவும் மயிலு கொத்திட்டு போவுது, ஒரு ஏர்கன் வாங்கட்டா, லைசென்ஸ் வேணுமா"ன்னு கேட்டான்.

2016 ஆயுத விதிகள்படி குழலோட உள்விட்டம் 0.177 இஞ்ச், அதாவது 4.5 எம்எம்முக்கு மேல போகக்கூடாது, குண்டு வெளிய வர்ற சக்தியும் 20 ஜூல்ங்கிற அளவத் தாண்டக்கூடாது, அப்படின்னா லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் கண்டிப்பா வேணும், 0.22 குழல்லாம் அந்த கணக்குலதான் வரும். வாங்கின பிறகு ஸ்பிரிங் மாத்தி பவர் ஏத்தினா அதுவும் அப்படித்தான், தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. ஐடி குடுத்து வாங்குங்க, பில்ல பத்திரமா வைங்க.

ஆனா லைசென்ஸ் வேண்டாம்னா எதையும் சுடலாம்னு அர்த்தம் இல்ல மக்களே! 1972 வன உயிரினச் சட்டத்துல காயப்படுத்தினாலே அது வேட்டைதான். மயிலு அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணைல, அதாவது ரொம்ப பாதுகாக்க வேண்டிய உயிருங்க பட்டியல்ல இருக்கு, அத வேட்டையாடினா 3லேர்ந்து 7 வருசம் ஜெயிலு, 25,000 ரூவாய்க்கு குறையாம அபராதம்.

போன வருசம் தேரூர் குளத்தங்கரைல ஒரு கொக்க கையில எடுத்தேன், றெக்கைக்கு கீழ சின்ன ஓட்டை, பாசிப்பயறு அளவுதான் இருக்கும், சுத்தி ரத்தம் காஞ்சு தூவலோட ஒட்டிப்போயிருந்து. கண்ணு மட்டும் தொறந்து என்னையே பாத்துட்டு இருந்து. அரைமணி நேரத்துல போயிருச்சு.

அவன்கிட்ட வலை கட்டச் சொல்லிருக்கேன், சனிக்கிழம நானும் போயி கூட நிக்கணும்.