கேத்தியில் ஒரு ஜனவரி

ஜனவரி 6

நீலகிரி மலையில் இந்தக் கேத்திக்கு வந்து ஏழு மாதம். விடிகாலையில் கேரட் தோட்டம் முழுக்க உறைபனி, உப்பைத் தூவின மாதிரி. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கொண்டுவந்த போர்வை இந்தக் குளிருக்குக் காணாது.

வந்த புதிதில் நான் செய்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. பக்கத்து வீட்டு ஹெத்தேயை (இந்த மலையில் வாழும் படுகர்கள் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முதன்முதலில் பார்க்கப் போனபோது, அவர் கொடுத்த டீயைத் தொடாமல் சுவிசேஷக் கைப்பிரதியை, அதுதான் இயேசுவைப் பற்றிய அச்சுத்தாளை, நீட்டினேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "சாப்ட்டியா மகளே?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 9

இப்போது தினமும் சாயங்காலம் அவரிடம் படுக மொழி படிக்கிறேன். பால் ஹாலு, பூ ஹூ. நம்முடைய 'ப' அங்கே 'ஹ' ஆகிறது என்று புரிந்ததும் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் மருமகளிடம் அவர் பேசுகிற வேகத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த பாசல் மிஷனார் கேத்தியில் ஊழியத்தைத் தொடங்கியது 1846இல். ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் 1849இல் இறந்தபோது சொத்தை அவர்களுக்கு எழுதிவைத்தார். லூக்கா சுவிசேஷத்தைப் படுக மொழிக்குக் கொண்டுவர முனைந்தவரும் அவரே. படுகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858இல்தான். பன்னிரண்டு வருஷம்! ஏழு மாதத்தில் நான் சலித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். நாள் முழுக்க மேகமூட்டம்.

ஜனவரி 17

ஹெத்தேயின் கொழுந்தனார் தவறிவிட்டார். "ஐயரம்மா அங்கெல்லாம் போகலாமா?" என்று சபையில் ஒருவர் கேட்டார் (போதகரின் மனைவியை இப்படித்தான் அழைப்பார்கள்). போனேன்.

வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள் கட்டிலைச் சுற்றி அழுதார்கள். பிறகு ஒரு பெரியவர் ராகமாகச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பெண் என் காதில் தமிழில் சொன்னாள்: எல்லைக்கல்லை நகர்த்தியிருந்தால், ஊர்கிற பாம்பைக் கொன்றிருந்தால், அண்ணன் தம்பியைப் பிரித்திருந்தால்... ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மொத்தமும் "அது பாவம்" என்றது. கடைசியில் அத்தனையும் மன்னிக்கப்பட வேண்டும் என்று வேண்டினார்கள். செத்தவருக்காக ஊரே பாவ அறிக்கை செய்தது. ஞாயிறுதோறும் நான் மனப்பாடமாக ஒப்பிக்கிற ஜெபம் அங்கே தொண்டையை அடைத்தது.

பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் 1856இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சடங்கு இருக்கிறது. அந்தப் பாவங்களை ஒரு கன்றுக்குட்டியின் மேல் ஏற்றி விரட்டிவிடுவார்களாம். படித்தபோது பைபிளில் லேவியராகமத்தில் பாவங்களைச் சுமந்து போகும் வெள்ளாட்டுக்கடா ஞாபகம் வந்ததே ஒழிய, அழுகை வரவில்லை.

ஜனவரி 20

ஹெத்தே வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும். சாப்பிடும்போது கேட்டார்: "செத்தவங்களுக்காக உங்க கோயில்ல இப்படி மன்னிப்பு கேட்பீங்களா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு உருண்டை களியை என் தட்டில் வைத்தார்.

ராத்திரி இவரிடம் அதைச் சொன்னேன். விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.